கேட்காமல் விழுங்கிய பாஸ்வேர்ட்

திரையில் ‘கடவுச்சொல் சேமிக்கப்பட்டது’ என்று விழுந்ததும் கணக்கர் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார்.

ஆபீஸில் பிரிண்டர் இருப்பது மேனேஜர் அறையில் மட்டும்தான். ஒரே ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டும் என்று சற்று முன்தான் கணக்கர் அவரிடம் கேட்டிருந்தார்.

"தாராளமா எடுங்க. நான் வெளியில ஒரு மெயில் அனுப்பிட்டு வந்துடறேன்" என்று மேனேஜர் எழுந்து போனார்.

அவருடைய கம்ப்யூட்டரில் கணக்கர் தன் மெயிலைத் திறந்ததுதான் தாமதம். ஆபீஸ் முழுக்கப் புதிதாகப் போட்டிருந்த மெயில் சாஃப்ட்வேர், கேட்காமல் கொள்ளாமல் பாஸ்வேர்டை விழுங்கிவிட்டது. மகா உபகாரி! ‘சேமித்தவை’ பக்கத்தில் அது எழுத்து எழுத்தாக ஜொலித்தது: ‘சிடுமூஞ்சிமேனேஜர்’.

அன்று சாயங்காலம்தான் அவருடைய பதவி உயர்வுக்கு மேனேஜர் சிபாரிசு எழுதுவதாக இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"சேமிச்ச பாஸ்வேர்டை எப்படிம்மா அழிக்கிறது?"

"அழிப்பானேன்? புதுசா மாத்துங்க. பழசு போயிடும்."

"என்னன்னு மாத்த?"

"அந்த மனுஷனைப் புகழ்ந்து ஏதாவது வைங்களேன். ஒருநாளாவது!"

‘தங்கமானமேனேஜர்’ என்று மாற்றினார். சாஃப்ட்வேர் அதையும் வாங்கி, பழையதற்குக் கீழே பத்திரமாக அடுக்கி வைத்தது. திட்டியவரும் இவரே, காக்கா பிடித்தவரும் இவரே என்பது இப்போது பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

"பழசு போகலையே!"

"அப்ப கண்ணுல பட்டதையெல்லாம் அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். பிரிண்டர் உறுமியது. இரண்டு பாஸ்வேர்டும் கொட்டை எழுத்தில், பக்கம் பக்கமாக வெளியே வர ஆரம்பித்தன. நிறுத்தத் தெரியவில்லை. வந்த தாளையெல்லாம் சட்டைக்குள் திணித்தார். தொப்பை வளர்ந்துகொண்டே போனது.

கதவு திறந்தது. ஆபீஸைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு வாசலை மறித்து நின்றார்.

"மே... மேனேஜர் வர்றாரா?"

"அவரு எங்க வர்றது! உங்க சீட்டுல உக்காந்து வேர்த்து விறுவிறுத்துக் கிடக்காரு. உங்களை அந்தப் பக்கம் விடவே கூடாதாம் சார், அவரு அந்தக் ‘கஞ்சமுதலாளி’யை உங்க கம்ப்யூட்டர்லேருந்து அழிக்கிற வரைக்கும்!"