பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பகா எண்

எம்.எஸ்சி. கணிதம் படித்தவனுக்குக் கூட்டல் தெரியும் என்று ஊர் நம்புகிறது. ஊர் ரொம்ப அப்பாவி.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. (தரகர் கணக்கில் முப்பது.) அதற்குள் பல வீடுகளில் பஜ்ஜி தின்றுவிட்டு, "போன் பண்றோம்" என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். "இந்த எடமும் போச்சுன்னா நான் இனிமே எங்கியும் வர மாட்டேன். வாய மூடிக்கினு உக்காரு" என்று பஸ்ஸிலேயே அம்மா எச்சரித்தாள்.

பெண்ணின் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி. "கணக்குல எதுல தம்பி ஆராய்ச்சி?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"பகா எண்ணுங்க. ஒண்ணாலயும் அதே எண்ணாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது."

"ஒண்ணு சொல்லுங்களேன்."

ஏழு, பதினொன்று என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை. "987654321! தொண்ணூத்தெட்டு கோடிக்கு மேலங்க. எவனாலயும் வகுக்க முடியாது!"

காபித் தட்டோடு நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள். "மூணால வகுபடுமேங்க. இலக்கத்தையெல்லாம் கூட்டுனா நாப்பத்தஞ்சு வருது."

எனக்குக் காபி குடிக்காமலேயே நாக்கு சுட்டது. "ஏழையும் நாலையும் மாத்திச் சொல்லிட்டேங்க" என்று சமாளித்தேன்.

"எப்படி மாத்துனாலும் கூட்டுத்தொகை அதேதானுங்களே. ஒம்போதாலயும் வகுபடும்."

அப்படியா? போனை எடுத்து வகுத்துப் பார்த்தேன். வகுபட்டது. இலக்கங்களைக் கலைத்துப் போட்டேன். அதுவும் வகுபட்டது. தலைகீழாகப் போட்டேன். மீதி பூஜ்ஜியம். பல்கலைக்கழகம் எனக்குப் பட்டமே கொடுத்திருந்தது! வந்த காரியம் மறந்து, "அய்யய்யோ, எல்லாமே வகுபடுதுங்க!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போனது.

கூட வந்திருந்த என் தாய்மாமன்தான் முதலில் அசைந்தார். வண்டி நம்பரின் கூட்டுத்தொகை ஒன்பது வரவில்லை என்று புது பைக்கை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்த மனிதர் அவர்.

"நாப்பத்தஞ்சா? நாலும் அஞ்சும் ஒம்போது! எப்படி மாத்துனாலும் ஒம்போதா! இதுக்கு மேல என்னங்க ராசி வேணும்? ஜல்தி தட்ட மாத்துங்க!"

நான் அதிர்ச்சியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்ததும் அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டியதுதான்.

ஏன் சம்மதித்தாள் என்று பிறகு கேட்டேன். "தப்புன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பார்த்தேன். வாயப் பொளந்துக்கினு நின்னீங்க. பாவமா இருந்துச்சு" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது எங்கள் மகள் ஆறாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் என்னைத் தாண்டி அவள் அம்மாவிடம் போகிறாள். விருந்தாளிகள் யாராவது, "அப்பாவக் கேளேம்மா" என்றால் மாமாவிலிருந்து மாமனார் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்:

"அவரக் கேக்கச் சொல்லாதீங்க. அவரு எம்.எஸ்சி."