ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால்

பெருமதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். அம்மாவும் நலம்தான், அதாவது சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். நீ, அண்ணி, குட்டி, நீ கட்டிக்கொண்டிருக்கும் பாலம் எல்லாரும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயம் உனக்கே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தி. "அம்மா, அந்தப் பதிவை எடுத்துடு. ஆபீஸ்ல தலைகாட்ட முடியல." அம்மா அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள், அப்படிப் படித்தால் வேறு மாதிரி இருக்குமோ என்னவோ. பிறகு போனை நோட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து அம்மாவின் வலைப்பதிவில் ஒரு வரி இல்லை. உன் பதிவையும் எடுக்கவில்லை, புதிதாகவும் எழுதவில்லை. சாவி புடவை முந்தானையில். போன வருடம் நான்கு நாள் லீவில் வந்து, தூங்கிவிட்டுப் போனவன் நீ. நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மற்ற வீடுகளில் அம்மாக்கள் பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ்களைச் சேர்த்து வைப்பார்கள். நம் அம்மா, மூன்றாம் வகுப்பு எடுத்த இருபத்தெட்டு வருடங்களில், பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அலமாரி நிறைந்து, நோட்டுகள் கட்டிலுக்கு அடியில் குடியேறி, அங்கிருந்து அப்பாவின் செருப்பு வைக்கும் இடத்துக்கு வந்தபோது, "ஒண்ணு இந்த நோட்டுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அப்பா சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நான்தான் இடையில் புகுந்து, எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிடலாம், நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன். 'தப்பான விடைகள்' என்று அம்மாவே பெயர் வைத்தாள். பத்து நாளில் சலித்துவிடும் என்று நினைத்தேன். நோட்டுகள் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன, அப்பாவும் இருக்கிறார்.

முதல் மாதம் போட்ட எல்லாப் படங்களிலும் அம்மாவின் கட்டைவிரல் இருந்தது. அதுதான் உங்கள் சின்னமா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். வெளிச்சம் போதவில்லை என்று மேசை விளக்கைப் பிடிக்கும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்பாள் அம்மா. "கல்யாணம் ஆனதுலேர்ந்து சாய்ஞ்சுதாம்மா நிக்கிறேன்" என்பார் அவர். அப்புறம் வாசகர்கள் வந்தார்கள், வந்தவர்களை அம்மா மாணவர்களாகவே நடத்தினாள். ஒருவர் "அருமை" என்று எழுதினால், "எது அருமை? காரணத்துடன் விளக்குக" என்று பதில் போட்டாள். இன்னொருவர் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பினார். "பூ நன்றாக இருக்கிறது. விடை எங்கே?" என்று கேட்டாள். போச்சு, ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள் என்று நான் தலையில் கை வைத்தேன். ஆனால் அவர்கள் திரும்பி வந்தார்கள், விளக்கி எழுதினார்கள், பக்கம் பக்கமாக எழுதினார்கள். அத்தனை பேரும் ஆசிரியர்கள், அண்ணா. எத்தனை பதிவேட்டை நிரப்பினாய் என்று கேட்க அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீ என்ன யோசித்தாய் என்று யாரும் கேட்டு வருடக்கணக்காகிறது போல.

அவர்கள் வழியாக அவர்களுடைய பக்கங்களையும் நான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு டீச்சர் வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே இரட்டை எண், ஒற்றை எண் நடத்துகிறார். அவர் எடுத்த காணொளியில் ஒரு செருப்பு குறைந்துபோக, கணக்குப் பாடம் பாதியில் துப்பறியும் பாடமாக மாறிவிட்டது, அவர் அதை வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறார். இன்னொரு சார் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று பாடம் பதிவு செய்கிறார். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஈரப் போர்வை காற்றில் வந்து அவர் தலையில் விழுந்தது. போர்வையை எடுக்காமலே, ஈரத் துணி ஏன் கனக்கிறது என்று உள்ளிருந்தபடி விளக்கி முடித்தார். நாற்பது நோட்டுத் திருத்தி, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து, வீட்டு வேலையும் பார்த்து, அதற்குப் பிறகு முகம் தெரியாத இன்னொரு டீச்சருக்காக உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலை எனக்கு. கைக்கு வந்ததையெல்லாம் படிக்கும் கெட்ட பழக்கமும் உண்டு. தனக்குத் தெரிந்ததை எழுதியவர்களுக்கு எங்களிடம் தளம் தளமாக இடம் இருக்கிறது. தான் சொல்லிக்கொடுத்துத் தோற்றதைத் தன் பெயர் போட்டு எழுதியவர்களுக்கு ஒரு தட்டுகூட நிரம்பாது. என் சுபாவம் உனக்குத் தெரியும், அடையாள அட்டைப் படத்தில்கூட பக்கவாட்டில் திரும்பியிருப்பவள் நான். அப்படிப்பட்ட நானே, நூலகத்துக்கு வந்த டீச்சர்கள் இருவர் 'தப்பான விடைகள்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எழுந்து போய், "அது எங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். காது சூடு தணிய அரை மணி நேரம் ஆனது.

இடையில் தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, "நம்ம ஸ்கூல் பிள்ளைங்க தப்புத் தப்பாக் கணக்குப் போடுதுன்னு ஊருக்கே சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "எல்லா ஸ்கூல்லயும் போடுதுங்க மேடம். நாம ஒத்துக்கிறோம், அவ்வளவுதான்" என்றாள் அம்மா. அவர் போனை வாங்கி அரை மணி நேரம் படித்தார். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அந்த ஏழாவது விடை இருக்கே... அதுல என்ன தப்பு?" என்று மெதுவாகக் கேட்டார். மீதியை அம்மா எங்களிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் வலைப்பதிவைக் குறை சொன்னதில்லை.

நீ சொல்லும்வரை. இதில் என் பங்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கட்டைவிரலை விலக்கிப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். விரல் விலகிய முதல் படம் உன் மூன்றாம் வகுப்பு நோட்டு. விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர், இனிஷியலோடு. ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டைக் கழிக்கச் சொன்னால் இருபத்தாறு என்று போட்டிருக்கிறாய். இரண்டிலிருந்து எட்டு போகாது, அதனால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு. ஐந்தில் மூன்று போனால் இரண்டு. கீழே அம்மா, "இவன் இன்று பாலம் கட்டுகிறான். இதுவரை எதுவும் விழவில்லை" என்று எழுதியது கொஞ்சம் அதிகம்தான். உன் மேனேஜரின் மனைவியும் ஒரு டீச்சர், அவரும் அம்மாவின் வாசகி என்பது நமக்கெல்லாம் எப்படித் தெரியும்? மீட்டிங்கில் நீ அளவுகளைப் படித்து முடித்ததும் ஒருவர், "சரியாக் கழிச்சீங்களா, இருபத்தாறு சார்?" என்று கேட்டாராமே. அண்ணிதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னாள், சிரித்தது நான்.

ஆனால் நீ சிரிப்பு வரும் இடத்தோடு நிறுத்திவிட்டாய், அண்ணா. அதற்குக் கீழே நான்கு வரி இருக்கிறது. நீ படிக்கவில்லை என்று தெரியும், அதனால் இங்கே எடுத்து எழுதுகிறேன். "இவன் கவனமில்லாத பையன் அல்ல. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் போகாது என்று இவனுக்குச் சொன்ன டீச்சர் நான். நான் சொன்னதை அப்படியே நம்பித்தான் திருப்பிப் போட்டிருக்கிறான். இந்தத் தப்பு என்னுடையது; இருபது வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது." சரியாகப் பதினான்கு என்று எழுதிய பிள்ளைகளின் நோட்டு ஒன்றுகூட அம்மாவிடம் இல்லை. உன்னுடையதை மட்டும் இரண்டு வீடு மாறியபோதும் கையோடு கொண்டுவந்தாள்.

நேற்று நூலகத்தில் அம்மாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே அறையில் நான்கு வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். அவர் வகுப்பில் ஒரு சிறுமி, நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதுவாளாம், வருடம் முழுக்கக் காட்டியதில்லை. உன் இருபத்தாறைப் படமாகக் காட்டியதும், "பாலம் கட்டுற அண்ணனா இப்படிப் போட்டாரு?" என்று கேட்டு, கையை எடுத்தாளாம். அவள் விடையும் இருபத்தாறு. "பதிவு ரெண்டு வாரமா வரலையே, அந்த அண்ணன் இன்னும் பாலம் கட்டுறாரான்னு தினமும் கேக்குறா டீச்சர். நான் என்ன சொல்லட்டும்?" என்று முடித்திருக்கிறார். அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆகவே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். என் போனில் கூப்பிட்டு, பதிவு இருக்கட்டும் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். சின்ன வயதுத் தப்பு நாலு பேருக்குத் தெரிந்தால் குறைந்தா போய்விடுவோம்? எங்கேயோ ஒரு பிள்ளை அதைப் பார்த்துக் கையை எடுக்கிறதென்றால் அதைவிடப் பெருமை என்ன வேண்டும்? என் நோட்டாக இருந்தால் நான் சட்டம் போட்டு நடு வீட்டில் மாட்டியிருப்பேன்.

அண்ணிக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம், அவள் கணக்குத் தப்பாகப் போட்டால் அழிக்காதே, பாட்டிக்கு அனுப்பு. உன் பாலத்தின் இரண்டு முனையும் சொன்ன இடத்தில் சந்திக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்
தங்கை

பி.கு.: உறையில் போடுமுன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். படித்து முடித்து நிமிர்ந்தால் அலமாரி திறந்திருக்கிறது, அப்பா விளக்கோடு நிற்கிறார். உன் பதிவை அம்மா எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அவன் பொறந்ததுலேர்ந்து என்கிட்ட எதுவுமே கேட்டதில்லடி. இப்பதான் ஒண்ணு கேட்டிருக்கான்" என்றாள். அந்தச் சிறுமிக்கு, "அண்ணன் இன்னும் பாலம் கட்டுகிறார். அவருடைய தங்கையின் கணக்கையும் பார்" என்று பதில் எழுதி, உன் பதிவு இருந்த இடத்தில் என் இரண்டாம் வகுப்பு நோட்டைப் போட்டிருக்கிறாள். 'பன்னிரண்டு பிஸ்கட்டை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரி' என்ற கணக்கு. என் விடை: 'எனக்கு ஒன்பது, அண்ணாவுக்கு மூன்று. அவன் கேட்க மாட்டான்.' என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்றேன். "நீதானே சட்டம் போட்டு மாட்டுவேன்னு இப்பப் படிச்சே" என்கிறாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர் காரணத்துடன் விளக்கியிருக்கிறார்கள். அதில் இருவர், நான் "அது எங்கம்மா" என்று சொன்ன அதே டீச்சர்கள், நாளைக் காலை நூலகத்தில் என் எதிரில் வந்து உட்காரப் போகிறவர்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன். மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வந்து அம்மாவைக் கூப்பிட்டு, என்னுடையதை எடுத்துவிட்டு உன் இருபத்தாறையே திரும்பப் போடச் சொல். நீ கேட்டால் கொடுப்பாள்.