கைதட்டி உச்சரிக்கவும்

"டூ... ஃபே... செட்!"

மூன்றாவது தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். எதிரே மாமியார்.

மாப்பிள்ளைக்கு மறுநாள் அலுவலகத்தில் ஆங்கில உச்சரிப்புத் தேர்வு. தேறினால் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் பிரிவு. தேறாவிட்டால் இருக்கிற நாற்காலியும் சந்தேகம். மனித குணங்களைச் சொல்லும் இரட்டைச் சொற்களை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியாளரின் உத்தரவு. நல்ல குணங்களெல்லாம் போன வாரமே முடிந்துவிட்டன.

மாமியார் நேராகச் சமையலறைக்குப் போய், மகளிடம் ஏதோ கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

சமையலறைக்கு ஓடினான். "உங்கம்மா தப்பா எடுத்துக்கிட்டாங்களா?"

"அர்த்தம் கேட்டாங்க. சொன்னேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு?"

"உள்ளொண்ணு வெச்சுப் புறமொண்ணு பேசற ஆளுன்னு."

"அடிப்பாவி! வேற ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குப் பொய் வராது. அப்புறம், அது ‘ஃபே-செட்’ இல்ல, ‘ஃபேஸ்ட்’. ஒரே தட்டு."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லத் தட்டினான். "டூ-ஃபேஸ்ட்." கதவிடுக்கில் ஒரு நிழல் வந்து நின்றது. மாமியாரின் நிழல்! பதறிப்போய் அடுத்த வார்த்தைக்குத் தாவினான். "கோல்ட்-ப்ள-டட்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நிழல் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கும் அர்த்தம் கேட்டாங்க."

"சொல்லலதானே?"

"ஈவு இரக்கமே இல்லாதவங்கன்னு சொன்னேன். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு மாமியாரின் அறை வாசலுக்குப் போனான். உள்ளே ஏதோ முணுமுணுப்பு. நடுநடுவே பட், பட் என்று சத்தம்.

"ஐயோ, தலையில அடிச்சுக்கறாங்கடி!"

"நீங்களாச்சு, அவங்களாச்சு" என்று மனைவி பின்வாங்கினாள்.

கதவைத் தட்டினான். சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறந்தது. மாமியாரின் முகம் வேர்த்திருந்தது.

"அத்தை, நான் உங்களைச் சொல்லல. சத்தியமா அது பாடம்..."

மாமியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது கிடக்கட்டும் மாப்பிள்ள. முதல்ல ‘ஃபே-செட்’னீங்க, அப்புறம் ‘ஃபேஸ்ட்’னீங்க, எது சரி? ஞாயித்துக்கிழமை உங்கம்மா வர்றாங்க. நான் தப்பாச் சொல்லிடக் கூடாது பாருங்க!"