கல் தோண்டியது யார்?

மர்பி டவுன் அர்ஜுனன் அன்று காலை சபதமே போட்டுவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேரம் போர்டை மீட்காவிட்டால் தன் பெயர் அர்ஜுனன் இல்லை!

போர்டு ஆறு மாதமாக மனைவி ராஜலக்ஷ்மியின் வசம். கல் வைத்த கம்மல், மாலை என்று அதன் மேல் வைத்துக் கையாலேயே செய்து கண்காட்சிகளில் விற்கிறாள். போர்டின் நான்கு குழியிலும் நான்கு நிறக் கற்கள். பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸோடு ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த ஒரே சுகம். அதையும் பறித்தால் மனிதர் சும்மா இருப்பாரா?

ஆயுதம் பேப்பரில் கிடைத்தது.

"ராஜி, இதப் படி. கல்லு தோண்டற சுரங்கத்துல எட்டு வயசுப் பசங்க வேல செய்யறாங்களாம். யாரு தோண்டினது, யாரு கழுவினதுன்னு தெரியாத கல்லு இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது!"

சண்டைக்குத் தயாராக நின்றார். அவளோ இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. எனக்கு ஏன் இது தோணல?"

அன்றே கல் வாங்கும் கடைக்குப் போய் விசாரித்தாள். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை கல்லையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. அர்ஜுனன் போர்டில் பவுடர் தூவினார்.

"எப்டி மச்சி சாதிச்சே?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"மூளை, ஆம்ப்ரோஸ். மூளை!"

ஸ்ட்ரைக்கரில் விரல் வைத்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காங்கயத்து மாமனார் இறங்கினார், பெரிய மூட்டையோடு.

"மாப்ள, கல்லு யாரு தோண்டினதுன்னு நீங்க கேட்டீங்கன்னு பாப்பா எஸ்.டி.டி. போட்டுச் சொல்லுச்சுங்க. கெணறு வெட்டறப்ப நானே தோண்டி எடுத்த சந்திரகாந்தக் கல்லுங்க. இருவது வருசமா தொழுவத்துல கெடந்துச்சு. கொஞ்சம் சேறுதான்."

ராஜலக்ஷ்மி மூட்டையைப் போர்டின் மேலேயே கவிழ்த்தாள். கொஞ்சம் சேறா அது!

"தோண்டினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கழுவறதுதான் பாக்கி. முன்னப்பின்ன தெரியாதவங்க கையில குடுக்க மாட்டேங்க. நீங்க சொன்னா சொன்னதுதான்."

வாளியும் பிரஷும் அர்ஜுனன் முன்னால் வந்தன. ஆம்ப்ரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மச்சி. நான் வர்றேன்."

அடுத்த மாதம் ரிச்சர்ட்ஸ் டவுன் கண்காட்சியில் மாலைகள் ஒன்று விடாமல் விற்றன. ஒவ்வொன்றிலும் ராஜலக்ஷ்மி கைப்பட எழுதிய சின்ன அட்டை தொங்கியது:

"தோண்டியவர்: என் அப்பா, வயது 74. கழுவியவர்: என் கணவர், வயது 52. சிறுவர்கள் யாரும் வேலை செய்யவில்லை."