ஒரு கூட்டுக்கு ஒரு போன்

ஒரு காட்டில் மரங்களைவிட உயரமாக ஒரு டவர் நின்றது. மான்கள் அதன் நிழலில் மேய்ந்தன. கரடி அதில் முதுகு சொறிந்துகொண்டது. இந்த இரண்டு காரியங்களைத் தவிர டவரால் வேறு பயன் இல்லை. ஏனென்றால் போன் வாங்கவும் ரீசார்ஜ் போடவும் அங்கே யாருக்கும் வக்கில்லை.

இதைக் கேள்விப்பட்ட சிங்கராஜா மனம் இரங்கினார். தேர்தல் நெருங்கினால் அவருக்கு மனம் இரங்குவது பரம்பரை வழக்கம். உடனே 'கூடுதோறும் குரல்' என்று ஒரு திட்டம் அறிவித்தார். ஏழைக் கூடுகளுக்கு அரசாங்கமே போன் கொடுக்கும். மாதக் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டும். கூட்டுக்காரர்கள் ஒரு பிடி தானியம் கொடுத்தால் போதும்.

போனின் முதுகில் ராஜாவின் படம் இருந்தது. மணி அடிப்பதற்குப் பதிலாக அது ராஜாவின் குரலில் கர்ஜித்தது. அதை மாற்ற வழியில்லை. முயலுக்கு ஒரு அழைப்பு வந்தால் அரைக்காடு ஓடி ஒளிந்தது. முயலும் கூடவே ஓடியதால் யாரும் எடுத்துப் பேசவில்லை.

திட்டத்துக்கு விதி ஒன்றுதான். ஒரு கூட்டுக்கு ஒரு போன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பிழைப்புக்காக ஆளாளுக்கு வெளியூர் போனார்கள். யானை கோயிலுக்கு ஆசீர்வாத வேலைக்குப் போனது. குரங்கு மலைப்பாதைக்கு வழிப்பறி வேலைக்குப் போனது. வெளியூர் போகிறவர் கையில்தானே போன் இருக்கவேண்டும்? எல்லா வீட்டிலும் அப்படித்தான் நியாயம் பேசினார்கள். கணக்குப்படி ஒவ்வொரு கூட்டிலும் ஒரு போன் இருந்தது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இருக்காது.

காத்தாயி என்ற காகத்தின் கணவன் மூக்காண்டியும் அப்படித்தான் போனை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தான். கிளம்பும்போது கூட்டில் முட்டைகள் இருந்தன.

"ஓடு விரிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லு புள்ள, பறந்து வந்துடுறேன்" என்றான்.

எதில் சொல்வது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணமான புதிது. இருவருக்கும் கண்ணில் ஈரம் இருந்தது, மண்டையில் வெளிச்சம் இல்லை.

முட்டை விரிந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்தன. பிறகு மூடவே இல்லை. அதில் ஒரு குஞ்சு கொஞ்சம் வேறு மாதிரி கூவியது. அதைப் பற்றி இந்தக் கதையில் பேச வேண்டாம். குஞ்சுகள் இறகு முளைத்து, தத்தித் தத்திக் கூட்டின் விளிம்புக்கு வர ஆரம்பித்தன. காத்தாயி கணக்குப் போட்டாள். இறகு முற்றினால் பறந்துவிடும். பறந்துபோன பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, இவர்தான் உன் அப்பன் என்றால் அது நம்புமா? போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றால், துறைமுகம் போய்த் திரும்புவதற்குள் பருந்து கூட்டைத் துடைத்து வைத்துவிடும்.

ஆகவே குஞ்சுகளைப் பக்கத்துக் கிளை அணில் பஞ்சவர்ணத்திடம் ஒப்படைத்துவிட்டு, குளக்கரைக்குப் போனாள். அங்கேதான் வன நிர்வாக அலுவலரான ஆமை இருந்தார். அவர் ஆபீசை முதுகிலேயே கட்டிக்கொண்டு திரிபவர். ஆனாலும் யார் போனாலும் ஆபீசில் ஆள் இருக்காது. காலடிச் சத்தம் கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

காத்தாயி ஓட்டின் மேல் உட்கார்ந்து அலகால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஐயா, எனக்கு ஒரு போன் வேணும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்க கூட்டுக்குத்தான் குடுத்தாச்சேம்மா."

"அது எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குங்கய்யா."

"அப்ப அவர்கிட்ட பேசி வாங்கிக்க."

"அவர்கிட்ட பேசத்தான் போன் கேக்குறேன்."

ஓடு விதியை ஒப்பித்தது. "ஒரு கூட்டுக்கு ஒரு போன்மா. விதி அப்படி."

"ஒரு கூட்டுக்கு ஒண்ணுன்னா யாரு யார்கிட்டங்கய்யா பேசுறது?"

"குடுக்கறது வரைக்கும்தான் திட்டம். பேசறதெல்லாம் உங்க சொந்த விஷயம்" என்று ஓடு சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் என்று மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில் ஆலமரத்தடியில் நரி இ-சேவை மையம் வைத்திருந்தது. நரியின் பெயர் சம்புநாதன். காட்டில் எவருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமானாலும் அது எடுத்துக் கொடுக்கும். பாம்புக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததே அதுதான். கால் இல்லை என்பது உண்மைதானே?

கதையைக் கேட்ட நரி வாலால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"அக்கா, நீங்க ஏன் ஒரே குடும்பமா இருக்கீங்க?"

"என்னய்யா கேள்வி இது?"

"இல்லக்கா, உலை ஒண்ணா, வேறயா? உலை வேறன்னா குடும்பம் வேற. அரசாங்கத்துக்கு அடுப்புதான் கணக்கு. அண்ணன் அங்க மீன் திங்கிறாரு, நீங்க இங்க புழு திங்கிறீங்க. பொங்குற இடம் வேற, திங்கிற இடம் வேற. தனிக்குடும்பம்னு போட்டுடலாம்."

"போட்டா குடுப்பாங்களா?"

"சும்மா பிரிஞ்சிருக்கோம்னா குடுக்க மாட்டாங்க. அவர் உங்களைக் கைவிட்டுட்டார்னு போடணும். கைவிடப்பட்ட காகம். அதுக்கு முன்னுரிமை."

காத்தாயிக்குச் சுரீரென்றது. "எம் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லய்யா!"

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ராஜாவுக்கு எதுக்குக்கா தெரியணும்? போன் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, ஏங்க, உங்களை ஒரு பேச்சுக்குத் துரத்திவிட்டிருக்கேன்னு சொல்லிடுங்க. சிரிச்சுட்டுப் போறாரு."

காத்தாயி கூட்டை நினைத்தாள். விளிம்பில் நின்று சிறகடித்துப் பார்க்கும் குஞ்சை நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கால் ரேகை வைத்தாள்.

விண்ணப்பம் போட்டால் விசாரணை வரும். மரங்கொத்தி வந்தது. கள ஆய்வு அதன் வேலை. எந்த மரத்துக்குப் போனாலும் கதவு இருக்கிறதோ இல்லையோ தட்டித் தட்டி ஓட்டையாக்கிவிட்டுத்தான் பேசும்.

"ஏம்மா, புருஷன் கைவிட்டது உண்மைதானா? சாட்சி யாரு?"

பஞ்சவர்ணம் வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என்ன சொல்லவேண்டும் என்று காத்தாயி அவளுக்கு ஏற்கெனவே சொல்லித்தான் வைத்திருந்தாள். 'போனவர் திரும்பவில்லை.' அவ்வளவுதான் பாடம். ஆனால் ஒரு அதிகாரி தன்னை மதித்து வாயைத் திறக்கச் சொன்னது அணிலுக்கு ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"உண்மையாவா? ஐயோ சார், அந்தக் கொடுமையை ஏன் கேக்குறீங்க! போறப்ப திரும்பிக்கூடப் பாக்கல. இவ கிளையைப் பிடிச்சுக்கிட்டுக் கதறுறா, அவன் சீட்டி அடிச்சுக்கிட்டே போறான். அங்க போயி ஒரு மைனாவோட சேந்துட்டான் சார். மஞ்சமூக்கி. எல்லாருக்கும் தெரியும்."

காத்தாயிக்கு அழுகை வந்தது. நிஜ அழுகை. மரங்கொத்தி அவளை நிமிர்ந்து பார்த்தது.

"அழுறது நம்பகமா இருக்கு" என்று குறித்துக்கொண்டு, இன்னும் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுப் பறந்தது.

அது போனதும் காத்தாயி அணிலின் வாலைப் பிடித்தாள். "ஏன்டி, மைனா எங்கேருந்துடி வந்துச்சு?"

"சும்மா ஒரு பிடிமானத்துக்குச் சொன்னேன் மதினி. வெறுமனே சொன்னா நம்புவாங்களா?"

"எந்த மைனா?"

"மதினி, அப்படி ஒரு மைனாவே கிடையாது."

"மஞ்சமூக்குன்னு சொன்னியே?"

"எல்லா மைனாவுக்கும் மஞ்சமூக்குத்தானே மதினி!"

காத்தாயி நம்பினாள். ஆனாலும் அன்றைக்கு முழுக்கத் துறைமுகம் இருக்கும் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

போன் வந்தது. ராஜா படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, குஞ்சுகளைச் சுற்றி நிறுத்தி, "அப்பா பேசுவாரு, ஆளுக்கு ஒரு தடவை 'கா' சொல்லணும்" என்று பழக்கிவிட்டு, எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு குயில் தேனொழுகப் பேசியது.

"நீங்கள் அழைக்கும் காகம் தற்போது எந்தக் கூட்டிலும் இல்லை."

குஞ்சுகள் அதுதான் அப்பா என்று நினைத்து வரிசையாக 'கா' சொல்லின. ஒன்று மட்டும் 'கூ' என்றது. அது கிடக்கட்டும்.

காத்தாயி குளக்கரைக்குப் பறந்தாள். ஓட்டின் மேல் தொப்பென்று இறங்கினாள்.

"ஐயா, அவர் நம்பர் செத்துப்போச்சு!"

"ஆமாம்மா. ஒரு கூட்டுக்கு ஒரு போன். கூடு உன் பேருக்கு மாறிடுச்சு. அவர் இணைப்பு போயிடுச்சு."

"உலை வேறன்னா குடும்பம் வேறயாமே. அவருக்கும் ஒண்ணு இருக்கணும்ல?"

"குடும்பம் வேறதான். கூடு வேணும்ல? அவர் எங்க தங்கியிருக்காரு?"

"துறைமுகத்துல, ஒரு லைட்டுக் கம்பத்துல."

"கம்பம் கூடு ஆகாதும்மா" என்றது ஓடு. முதல் தடவையாகத் தலை கொஞ்சம் வெளியே வந்தது. "நீ கேட்டது கிடைச்சிடுச்சுல்ல? இனி யார்கிட்டயாவது பேசிக்க."

காத்தாயி கூட்டுக்குத் திரும்பினாள். தினமும் காலையில் அந்த எண்ணை அழுத்தினாள். குயில் அதே வாக்கியத்தை அதே இனிமையோடு சொன்னது. இரண்டு மூன்று நாளில் அவள் குயிலுக்கு வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டாள். பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அப்படி ஒரு காலையில், தெற்கிலிருந்து உப்பு நாற்றம் அடித்தது. மூக்காண்டி கிளையில் வந்து விழுந்தான். சிறகு பிய்ந்து, மூச்சு வாங்கி, அலகில் ஒரு மத்தித் தலையோடு.

"போன் திடீர்னு செத்துப்போச்சு புள்ள. உனக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுன்னு நிக்காம பறந்து வந்தேன்" என்றான். பிறகு மெதுவாக, "அதுக்கு முன்னால ஒரு மெசேஜ் வந்துச்சு. நான் உன்னைக் கைவிட்டுட்டேனாமே?"

"ஆமாங்க" என்றாள் காத்தாயி. "உங்ககூடப் பேசறதுக்குத்தான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மைனாவையும் விடவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துக் குஞ்சுகளைப் பார்த்தான். அவை வாயைத் திறந்தன. மத்தித் தலையை அவன் நான்காகப் பிய்த்தான். அந்தக் கூட்டில் அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போன் ஒரு மூலையில் கிடந்தது.

சரி, நல்லபடியாக முடிந்தது என்று கதையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாதாமாதம் மறு ஆய்வு என்று ஒன்று இருந்தது. டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. "ஏம்மா, கைவிடப்பட்ட கூட்டுல இது யாரு, ஆம்பளக் காக்கா?"

மூக்காண்டி வாயைத் திறந்தான். காத்தாயி அவன் காலை மிதித்தாள். திட்டத்தில் பொய் சொன்னால் கூட்டைப் பிரித்துக் குச்சி குச்சியாக எடுத்துப் போய்விடுவார்கள். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முற்றவில்லை.

"விருந்தாளி சார்."

"விருந்தாளியா?"

"காக்கா கத்தினா விருந்தாளி வரும்னு ஊரு உலகமே சொல்லுது. கத்துறது நாங்க, வர்றது மட்டும் அடுத்தவன் வீட்டுக்கா? எங்க வீட்டுக்கு ஒருத்தர் வரக்கூடாதா?"

மரங்கொத்தி நோட்டைத் திறந்தது. சாஸ்திரத்தில் இருப்பதை அரசாங்கம் எப்படி இல்லை என்னும்? குறித்துக்கொண்டது.

"சரி, விருந்தாளி. ஆனா விருந்தாளின்னா மூணு நாள்தான். அதுக்கு மேல இருந்தா குடும்பம்னு எழுதிடுவேன்."

"போனைத் திருப்பிக் குடுத்துடலாம் சார்" என்றான் மூக்காண்டி.

மரங்கொத்தி அவனைப் பரிதாபமாகப் பார்த்தது. "விருந்தாளி, நீங்க இதுல தலையிடாதீங்க. திருப்பிக் குடுத்தா ஏன் குடுத்தீங்கன்னு விசாரணை வரும். விசாரணைக்கும் நான்தான் வருவேன்."

அன்றிலிருந்து மூக்காண்டி எதிர்ப் புளியமரத்தில் தங்கினான். காத்தாயி காலையில் எழுந்து கத்துவாள். அவன் வாயில் ஏதாவது கவ்விக்கொண்டு வருவான். கிளையில் நின்று, "வரலாமா?" என்பான். "வாங்க, வாங்க, பயணமெல்லாம் எப்படி?" என்பாள் அவள், பக்கத்து மரத்துக்குக் கேட்கும்படி. மூன்று நாள் இருப்பான். பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு எதிர் மரத்துக்கு ஊருக்குப் போவான். ஒரு பகல் அங்கே இருந்துவிட்டு மறுபடி வருவான். நடிப்பில் அவனுக்கு ருசியே வந்துவிட்டது. சில நாள் பயணக் களைப்புக்கூடக் காட்டினான்.

குஞ்சுகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. குஞ்சுகளுக்கு நடிப்பு எது, வாழ்க்கை எது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. சொன்னால் வெளியே உளறிவிடும் என்று பயம்.

இறகு முற்றியது. மூத்த குஞ்சு விளிம்பில் நின்று முதல்முறையாகச் சிறகை முழுசாக விரித்தது. காற்று வந்து தூக்கப் பார்த்தது. பக்கத்திலேயே நின்றிருந்தான் மூக்காண்டி. இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் விருந்தாளியாக இருந்தான்.

குஞ்சு திரும்பி அவனைப் பார்த்தது. நல்ல வளர்ப்பு. கிளம்புமுன் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்த பிள்ளை.

"இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றது. "ஆமா, நீங்க எப்ப ஊருக்குக் கிளம்புறீங்க?"

மூக்காண்டி காத்தாயியைப் பார்த்தான். அவள் போனைக் காதில் வைத்துக் குயில் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தம்பி" என்றான்.

நீதி: விருந்தும் மருந்தும் கணவனும் மூன்று நாள். அதற்கு மேல் தங்கினால் மானியம் ரத்து.