சிங்கிள் ஓனர் ஃபோன்

ஒரு காட்டில், கொஞ்சம் மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும் பகுதியில், வஞ்சி என்றொரு புள்ளிமான் வசித்து வந்தாள். ரொம்பக் கூச்ச சுபாவம். குரூப்பில் யாராவது "சாப்டாச்சா?" என்று கேட்டால்கூட, பதிலை அடித்து, அழித்து, மறுபடி அடித்து, கடைசியில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அந்தக் குரூப்பின் பெயர் 'புலி வருது'. புலி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மர உச்சியில் இருக்கும் குரங்குகள் உடனே அதில் போடும். 'மூங்கில் காடு, மெதுவா நடக்குது.' 'பாறை மேல தூங்குது.' மான்கள் படித்துவிட்டு எதிர்ப்பக்கமாக மேயப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் யானைப் பெரியப்பாவும் அதே குரூப்பில் இருந்தார். விடிந்ததும் தாமரைப் பூ, சூரிய உதயம், ஆவி பறக்கும் காபி என்று வரிசையாகக் காலை வணக்கம் அனுப்புவார். அதைப் பார்த்துக் காட்டெருமைகளும் அனுப்பும். எல்லோருக்கும் சேர்த்து மயில் நன்றி சொல்லும், வீடியோவில், ஆடியபடி.

வஞ்சியின் ஃபோன் விலை குறைந்தது, அதுவும் பழசு. இதையெல்லாம் அதனால் தாங்க முடியவில்லை. ஒருநாள் ஓடையில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தாமரைப் பூ பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்க்கரைக்குப் புலி வந்தது, தண்ணீர் குடித்தது, ஏப்பம் விட்டது, போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஃபோன் 'டிங்' என்றது. 'ஓடைப் பக்கம் யாரும் போகாதீங்க!!'

அன்று புலிக்கு வயிறு நிறைந்திருந்தது. எல்லா நாளும் அப்படி இருக்குமா? வஞ்சி ஃபோனைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தடி சர்வீஸ் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரக் குரங்கு ஃபோனை வாங்கித் தட்டியது, ஊதியது, ஆஃப் செய்து ஆன் செய்தது.

"என்னம்மா, உள்ள இவ்வளவு பூ வச்சிருக்க? அழிக்கக் கூடாதா?"

"பெரியப்பா தப்பா நினைப்பாருண்ணே."

"அப்ப ரீசெட்தான். எல்லாத்தையும் துடைச்சிட்டா புதுசு மாதிரி ஆயிடும்." அவள் தலையாட்டுவதற்குள் குரங்கு இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தியது. ஃபோன் கறுத்தது, அதிர்ந்தது, வெளிச்சமாகி வணக்கம் சொன்னது. குரங்கு பெருமையாகச் சிரித்தது. அடுத்த திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இந்த ஃபோனில் முன்பிருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் மேற்கொண்டு திறக்கும் என்று எழுதியிருந்தது.

"நான் கணக்கே தொடங்கலையேண்ணே."

"நீ தொடங்கலைன்னா உனக்கு முன்னாடி வச்சிருந்தவர் தொடங்கியிருப்பார். யார்கிட்ட வாங்கினே?"

எதிர்க்கடை நரியிடம்தான் வாங்கியிருந்தாள். அது பழைய ஃபோன்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தது.

"சிங்கிள் ஓனர்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?" என்றாள் வஞ்சி, பாதி குரலில்.

"ஆமா. ஒரே கை. அதிகம் வெளிய எடுக்கவே மாட்டார், பாறை மேலேயே வச்சிருப்பார்."

"யார் மாமா அவர்?"

நரி புலிக் குகை இருக்கும் திசையைக் கண்ணால் காட்டியது. குரங்கு மரத்தில் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீ எத்தனை ஓனர்னு கேட்ட, சொன்னேன். யாருன்னு கேட்டியா?"

வஞ்சிக்கு அழுகை வந்தது. குரங்கு மேலிருந்தே ஆறுதல் சொன்னது.

"ரூட் பண்ணிப் பாக்கலாம்மா. கம்பெனிக்காரன் போட்ட பூட்டை எல்லாம் உடைச்சிட்டு ஃபோன் முழுக்க உன் கைக்கு வந்துடும். என்ன, நடுவுல ஏதாவது தடங்கல் ஆச்சுன்னா செத்துப்போயிடும்."

"யாரு?"

"ஃபோன்தான்."

"புலிகிட்ட போனா?"

"அப்ப நீ."

வஞ்சி நின்று யோசித்தாள். ஃபோன் செத்துவிட்டால் புலி எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. புலியிடமே போனால் அது எங்கே இருக்கிறது என்பதாவது நிச்சயமாகத் தெரியும். இந்தக் கணக்கு அவளுக்குச் சரியாகவே பட்டது. கிளம்பிவிட்டாள்.

புலி பாறை மேல் படுத்திருந்தது. இரை தானாக நடந்துவந்து எதிரே நிற்பது அதற்குப் புதிது. ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"வழி தவறிட்டியா?"

"இல்லைங்கய்யா. ஒரு பாஸ்வேர்டு வேணும்."

புலி ஃபோனை முகர்ந்து பார்த்தது. "அட, என்னோடது! இதைத் திறந்து என்ன பண்ணப் போற?"

"குரூப் பாக்கணுங்கய்யா. நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிக்க."

"இங்கதானே இருக்கேன்."

"ஆமாங்கய்யா. ஆனா அதுல வரலையே."

பாஸ்வேர்டு புலிக்கும் மறந்துபோயிருந்தது. 'மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் பழைய ஓனரின் நம்பருக்கு ஓடிபி வரும் என்று வஞ்சி சொன்னாள். வந்தது. புலி தன் புதுஃபோனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பாதத்தால் மூடிக்கொண்டது.

"யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கே."

வஞ்சி தன் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினாள். "எப்படியும் என்னைச் சாப்பிடத்தானே போறீங்க? அதுக்கப்புறம் நான் போய் யார்கிட்டய்யா பகிரப் போறேன்?"

புலிக்கு அது நியாயமாகப் பட்டது. ஒவ்வோர் எண்ணாகச் சொன்னது. ஃபோன் திறந்தது. திறந்த வேகத்தில் புலியின் கணக்கில் சேமித்திருந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன.

முதல் படத்தில் புலி இருந்தது. தலையில் இரண்டு முயல் காதுகள், கன்னத்தில் ரோஜா நிறம், மூக்கு நுனியில் ஒரு நட்சத்திரம். அடுத்ததில் பூங்கிரீடம். அதற்கடுத்ததில் உதட்டைக் குவித்துக்கொண்டு.

புலி காடு அதிர உறுமியது. வஞ்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தபோது புலி வேறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

"சிரிக்கணும்னா சிரிச்சிடு."

"இல்லைங்கய்யா." படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "காது... உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

பயத்தில் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் புலி மெல்லத் திரும்பியது.

"நிஜமாவா? பாத்து ஒரு வார்த்தை சொல்ல ஆளே இல்லை தெரியுமா. யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம்னா, அவங்க வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் பசிச்சிடுது." கொஞ்சம் தயங்கியது. "அந்தக் கிரீடம் வச்சது எப்படி இருக்கு?"

"அதுவும் நல்லாருக்குண்ணே."

அண்ணே என்றதும் புலிக்கு மீசை துடித்தது. எல்லாப் படங்களையும் காட்டியது. ஒவ்வொன்றையும் எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று விளக்கியது. பிறகு அவளைத் தன் நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, "போடுற படத்துக்கெல்லாம் லைக் வரணும், என்ன?" என்று சொல்லி அனுப்பிவைத்தது.

அன்றிலிருந்து புலி போகும் இடமெல்லாம் படம் எடுத்துப் போடுகிறது. வஞ்சி உடனே இதயம் போடுகிறாள். "சூப்பர்ண்ணே! பின்னாடி தெரியுறது எந்த ஓடை?" என்று கேட்கிறாள். புலி ஓடையின் பெயரோடு, அடுத்துப் போகப்போகும் இடத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அடுத்த நொடியே அது 'புலி வருது' குரூப்புக்குப் போய்விடுகிறது. மான்கள் மறுபக்கம் போய் நிம்மதியாக மேய்கின்றன. கடைசி மான்வரை தகவல் போய்ச் சேர்கிறது, யானைப் பெரியப்பாவின் தாமரைகளையும் தாண்டி.

இரை கிடைக்காமல் புலி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. விலா எலும்பு தெரிய ஒரு படம் போட்டு, 'ஒரு மாதிரி ஆயிட்டேனோ?' என்று கேட்டது.

வஞ்சி அடித்தாள். அழிக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

'இப்பத்தாண்ணே முகம் நல்லா லட்சணமா இருக்கு.'

நீதி: வலியவர்களிடமிருந்து தப்பிக்க வேகமான கால்கள் தேவையில்லை. அவர்கள் படம் போட்டதும் லைக் போட, ஒரு குளம்பு போதும்.