மங்களத்தின் தம்பிக்கு, ரத்தம் பற்றி

பிடோக்,
ஞாயிறு காலை.

மைத்துனர் ரகுபதி அவர்களுக்கு,

மாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா மங்களமும் நலம். ஜூரோங்கில் நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸப்பில் எழுதினால் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

போன வருடம் மங்களத்தின் காலில் பட்ட சின்னக் கீறலில் கிருமி புகுந்து, அது கக்கிய நஞ்சு ரத்தத்தில் கலந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போது "உங்க குடும்பத்து ரத்தமே வீக்" என்று நான் சொல்லப்போய், நீங்கள் கோபித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அந்தப் பத்து நாளும் அவளுக்குள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான், கிருமியின் நஞ்சை வெள்ளை அணுக்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று ஆராய்கிற என் அண்ணன் மகள் இளமதி, வயதானவர்களின் ரத்தம் தேவை என்றதும், ஊசி என்றாலே நடுங்குகிற நான் கொடுத்தே தீருவதென்று கிளம்பினேன். முதல் தடவை பிரஷர் எகிறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை இருமல் மருந்து குடித்திருந்தேன், வேண்டாம் என்றார்கள். மூன்றாம் தடவை ஊசி குத்தும்வரை தைரியமாக இருந்துவிட்டு, பஞ்சு ஒட்டியபிறகு மயங்கி விழுந்தேன். நர்ஸ் மைலோ கலக்கிக் கொடுத்தார். துணைக்கு வந்த மங்களம், "சும்மாதானே உக்காந்திருக்கேன், எனக்கும் எடுங்க" என்று கையை நீட்டினாள்.

நேற்று இளமதி எங்கள் இருவரின் அணுக்களையும் திரையில் காட்டினாள். நஞ்சு பட்டதும் அணுவின் மேல்தோலில் ஓட்டை விழுகிறது. மங்களத்தின் பெயர் போட்டவை வீங்கி வெடித்தன. என் பெயர் போட்டவையோ அசரவில்லை. "ஓட்டை விழுந்த இடத்தக் கிள்ளிப் போட்டுட்டு மூடிக்குது பாருங்க சித்தப்பா, சூப்பர் லா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான்.

ஆகவே அவள் கூப்பிடும்போதெல்லாம் ரத்தம் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். யார் குடும்பத்து ரத்தம் என்ற பேச்சை இத்துடன் விடுவோம், அறிவியலே சொல்லிவிட்டது.

உங்கள் பிள்ளைகள் ஒரு தும்மல்கூட இல்லாமல் வளரட்டும்.

அன்புடன்,
மாணிக்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் இளமதி போன் செய்தாள். "சாரி சித்தப்பா, லேபிள் மாறிப் போச்சு. ஓட்டைய மூடினது சித்தியோட செல்." வெடித்தவை என்னுடையவையாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "எழுதினது எழுதினதுதான், இதையும் சேத்து அனுப்புங்க" என்று மங்களம் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறேன். ஏன் வெடிக்கின்றன என்று தெரிய வேண்டாமா? மங்களத்தைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.